தட்டைக் கொண்டுபோனது யார்?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எழுத எனக்கு ஆசையே இல்லை. போன செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்கு வந்த ஒருவருக்கு நான் ஒரு பதில் சொன்னேன். நாலே சொல்லில் ஒரு பதில். அதைத் திருத்தத்தான் இத்தனை பக்கம்.

என் பெயர் உதயராஜ். புளத்கொகுபிட்டிய பஸாரில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாவல் எழுதினேன். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் தேடிப் படிப்பீர்கள். இதுவரை படித்தவர்கள் செய்த வேலையே போதும்.

இந்தக் கதைக்கு ஒரு தொடக்கம் எழுதிப் பார்த்தேன்:

(மலைச்சரிவில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. ரம்புக்கனையிலிருந்து வந்த பெரியவர் நனைந்த குடையை மடக்கியபடி, ஏதோ ஒரு பாரத்தைச் சுமந்தவர்போல—)

வேண்டாம். அன்றைக்கு நல்ல வெயில். குடையும் இல்லை, பாரமும் இல்லை, கையில் ஒரு பிளாஸ்டிக் பைதான். உள்ளதை விட்டு இல்லாததை எழுதக் கை தானாகவே போய்விடுகிறது. இந்தக் கைதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

2

நாவலில் ஒரு குடும்பம். தகப்பன் கோயில் கமிட்டியில் இருக்கிறவர், ஊரில் மரியாதைப்பட்டவர். வீட்டுக்குப் பின்னால் பூட்டிய அறையில் பதினொரு வருஷமாக அவருடைய மூத்த மகள். அவளுக்கு மனம் சரியில்லை. மற்றப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்பதால் ஊருக்கு அப்படியொருத்தியே கிடையாது. விருந்தாளி வந்தால் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். கடைசியில் அவள் செத்துப்போகிறாள், ரேடியோவை நிறுத்துகிறார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், அவ்வளவுதான்.

வாசகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கேகாலையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் எழுந்து, "நம்ம சனத்தப் பத்தி நல்லதா எழுத ஒங்களுக்கு ஒண்ணுமே கெடைக்கலையா தம்பி?" என்று கேட்டார். கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "எங்க சித்தியையும் இப்படித்தான் வச்சிருந்தாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்கு யாரும் கைதட்டவில்லை. டீ கொடுத்துக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

யட்டியாந்தோட்டையிலிருந்து வட்ஸப்பில் நாலு நிமிஷக் குரல்செய்தி வந்தது. மூன்று நிமிஷம் திட்டு, ஒரு நிமிஷம் இருமல். கொழும்பில் ஒரு விமர்சகர், இருள் போதாது என்று எழுதினார். இவருக்கு எவ்வளவுதான் வேண்டுமாம்! பக்கத்து ஹார்ட்வெயார் கடை ஸப்ரி நானா இரண்டு தரம் படித்தார். "நல்லாத்தான் ஈக்கிது. ஆனா ஊட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன்" என்றார். புத்தகம் இன்றைக்கும் அவர் கடையில் ஆணிப் பெட்டிக்கு அடியில்தான் கிடக்கிறது.

என் மனைவி மீனாம்பாள் நாவல் படிக்கிறவள் அல்ல. கையெழுத்துப் பிரதியைக் கொப்பி எடுத்துக் கொடுத்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்தப் புள்ளைக்கு ஒரு நாளாவது யாராச்சும் தல வாரி விட்டாங்களா?"

"அது கதை" என்றேன்.

(எல்லா வாசகர்களுக்கும் நான் சொன்ன பதில்களில் இதுதான் ஆகக் கேவலமானது. செவ்வாய்க்கிழமை சொன்னது அடுத்தது.)

3

கொஞ்சம் தொழில் ரகசியம் சொல்கிறேன். உண்மையான வீட்டை எழுதுகிறவன் அதை மாற்றித்தான் எழுதுவான். நானும் மாற்றினேன். விறகு அறையை எடுத்துவிட்டு, ரப்பர் சீட் புகைபோட்டுக் காயவைக்கிற அறையை வைத்தேன். அதற்கு ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் கரி, எழுத நன்றாக இருக்கும். முற்றத்தில் ரப்பர் சீட் அழுத்துகிற ரோலர் ஒன்றை வைத்தேன். தோட்டத்துக் குவார்ட்டர்ஸை ரோட்டு வளைவுக்கு இறக்கினேன். கேட்டுக்கு நீலம் அடித்தேன்.

என் மூளையில் உதித்த வீடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மடையன்! யட்டியாந்தோட்டை ரோட்டு வளைவில் நீலக் கேட், முற்றத்தில் ரோலர், பின்னால் பூட்டிய புகையறை எல்லாம் உள்ள வீடு ஒன்று இருக்கிறது. தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் போகிறேன், வருகிறேன். அது ராஜதுரை அண்ணனின் வீடு. இரண்டு ஏக்கர் ரப்பரும் ஒரே மகளுமாக இருக்கிற மனுஷன். மகள் டிலானி பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள்.

நாவல் வந்த பிறகு அந்த வீட்டுக்குப் பால் ஊற்ற வருகிறவன்கூடப் புகையறைப் பக்கம் எட்டிப் பார்த்தானாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் என்ன செய்திருப்பேன்? அடுத்த கூட்டத்தில் அதையும் ஒரு சுவையான சம்பவமாகச் சொல்லியிருப்பேன்.

4

இப்போது செவ்வாய்க்கிழமை.

எங்கள் பக்கம் பெண் கேட்டு வருகிறவர்கள் நேரே பெண் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. முதலில் பஸாரில் இறங்கி விசாரிப்பார்கள். விசாரிக்கிறோம் என்று காட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். சும்மா ஒரு சாமான் வாங்குவார்கள், கொப்பி அடிப்பார்கள், அப்படியே பேச்சைத் திருப்புவார்கள். பதில் சொல்கிறவருக்கும் முறை உண்டு. நல்ல குடும்பம் என்றால் நெஞ்சில் கை வைத்து, "நல்ல குடும்பங்க, தைரியமா எடுங்க" என்று சொல்லவேண்டும். கெட்டதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "எனக்கு அவ்வளவா பழக்கமில்லைங்க" என்றாலே போதும், வந்தவர் எழுந்து போய்விடுவார். நேரடியாகச் சொல்லாத எதற்கும் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். நானே இரண்டு வீட்டுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெரியவர் அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கக் கொடுத்தார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமனாம், ரம்புக்கனையாம். ராஜதுரை வீட்டைப் பற்றிக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பிளாஸ்டிக் பையிலிருந்து என் நாவலை எடுத்தார். எண்பத்தேழாம் பக்கத்தில் பஸ் டிக்கட் ஒன்றை அடையாளமாக வைத்திருந்தார்.

"இது நீங்க எழுதுனதுதானுங்களே?"

"ஆமாங்க."

"இந்த வீடு அந்த வீடுதானுங்களா?"

இரண்டு வருஷமாகக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி மெருகேறின பதில் ஒன்று என் வாயில் தயாராக இருந்தது.

"அது எந்த வீடாவும் இருக்கலாங்க."

கூட்டங்களில் இதற்குத் தலையாட்டுவார்கள். அவரும் ஆட்டினார். கொப்பியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வெளங்குதுங்க" என்றார். அவர் ரோட்டைக் கடந்து பஸ் நிற்கிற இடத்துக்குப் போகும்வரை நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே உறைக்கவில்லை. விசாரணை முறை தெரியாத ஆளா நான்? பிறந்ததிலிருந்து அதற்குள்தான் இருக்கிறேன். ஆனால் அந்தக் கணத்தில் பதில் சொன்னவன் ஊர்க்காரன் அல்ல, எழுத்தாளன். அவனைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

5

வியாழக்கிழமை ராஜதுரை அண்ணன் வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஞாயித்துக்கிழமை ஜாதகத்தத் திருப்பிக் குடுக்க வர்றாங்களாம்" என்றார். "இது மூணாவது எடம் தம்பி. மொத ரெண்டும் ஏன் நின்னுச்சின்னு இப்பத்தான் வெளங்குது."

இந்த வீடு கற்பனை என்று ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். கடைப் பெயர் போட்ட தாளைக்கூட எடுத்துவிட்டேன்.

"கற்பனைன்னா நம்ப மாட்டாங்க. அப்ப யாரு வீடுன்னு கேப்பாங்க. அதத்தான் நீ சொல்லணும்."

நான் தாளை மறுபடியும் உள்ளே வைத்தேன்.

"நான் சொல்லிருக்கலாம்" என்றார் அவர் மெதுவாக. "அந்த ரம்புக்கனை மனுசன் என் முற்றத்துல வந்து நின்னு, சீட் எப்படிப் புகைபோடுறீங்க, பாக்கலாமான்னு கேட்டப்பவே சொல்லிருக்கலாம். சொல்லல. மீனாம்பாளோட ஆளுக ஒன்னைய விசாரிக்க வந்தப்பவும் நான் சொல்லல. நெஞ்சுல கை வச்சு, நல்ல குடும்பங்கன்னு சொன்னேன். சரி, அது போகட்டும். என் வாயால அது வராது. நீயே சொல்லு."

(இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் வாசகரைக் கொஞ்சம் அலையவிடுவார். எனக்குத் தெம்பு இல்லை. நேரே சொல்லிவிடுகிறேன்.)

அது எங்கள் வீடு. அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். தொழிலாளர் லயங்களிலிருந்து தள்ளி எங்கள் குவார்ட்டர்ஸ், பக்கத்துக் குவார்ட்டர்ஸில்தான் அப்போது ராஜதுரை அண்ணன் இருந்தார். விறகு அறையில் இருந்தவள் என் அக்கா. 1996இல் செத்தாள். ஊருக்குச் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு போன நாலு பேரில் ராஜதுரை அண்ணன் ஒருவர். 1998இல் எனக்குக் கல்யாணம். "எங்க வீட்டுல புள்ளைங்க அண்ணன் தம்பி ரெண்டு பேர் மட்டும்தான்" என்று பெண் வீட்டாரிடம் என் வாயாலேயே சொன்னேன். மீனாம்பாளுக்கு இன்றைக்கு வரைக்கும் அதுதான் தெரியும்.

6

நேற்று டிலானி வந்தாள். பிள்ளைகளுக்குப் படம் வரைகிற தாள்களைக் கொப்பி எடுக்க வந்தாளாம். இவளும் விசாரிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"ஒங்க நாவலப் படிச்சேன் மாமா."

"திட்டணும்னா திட்டும்மா."

"திட்ட வரல. நல்லாத்தான் இருக்கு, அழுதேன்." கொண்டுவந்த தாள்களைத் தட்டி அடுக்கினாள். "ஒரு சந்தேகம். அந்தப் பொண்ணுக்குத் தட்டுல சோறு போகுது. சாப்பிட்டு முடிச்சுப் பாவாடையால தொடச்சு, கதவுக்குக் கீழால தள்ளி விடுறா. அப்படித் தொடைக்கிறத நேர்ல பாத்தவங்கதான் எழுத முடியும். ஆனா தட்டக் கொண்டுபோறது யாருன்னு புத்தகத்துல எங்கயுமே இல்ல. அப்பா இல்ல, அம்மா இல்ல. தேடிப் பாத்துட்டேன். தட்டு தானா நடந்து போகுமா மாமா?"

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். இரண்டு வருஷம். அதிபர், விமர்சகர், ஸப்ரி நானா, திட்டினவர்கள், பாராட்டினவர்கள் என்று இத்தனை பேர் படித்தார்கள். ஒருவருமே இதைக் கேட்கவில்லை. கல்யாணம் நின்றுபோகிற நிலையில் இருக்கிற பிள்ளை கேட்கிறாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

7

இன்று சனிக்கிழமை. நாளைக்கு அவர்கள் வருகிறார்கள். முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: நான் ரம்புக்கனைக்குப் போகிறேன், உண்மையைச் சொல்கிறேன், பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார், கல்யாணம் நடக்கிறது. (கோயில் திருவிழாவில் போடுகிற நாடகம்.)

இரண்டாவது: நான் வாயே திறக்கவில்லை. ஜாதகம் திரும்பி வருகிறது. மூன்று வருஷம் கழித்து டிலானி தன் புருஷனோடு கடைக்கு வந்து, "அந்த எடம் நின்னதே நல்லது மாமா" என்று சிரிக்கிறாள். (இதை எழுதியபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உங்களிடம் மறைக்க விருப்பமில்லை.)

மூன்றாவது: நான் உண்மையைச் சொல்கிறேன், எல்லோரும் என் துணிச்சலைப் பாராட்டி, கேகாலையில் மறுபடியும் ஒரு கூட்டம்—

சீ.

மூன்றிலும் மீனாம்பாள் இல்லை. கவனித்தீர்களா? நாவலில் தட்டைக் கொண்டுபோனவனை விட்ட அதே கை, இங்கே அவளை விட்டுவிட்டது. ரம்புக்கனைக்காரர்களுக்குச் சொல்வது கஷ்டமே இல்லை, அவர்கள் யாரோ. இருபத்தேழு வருஷமாக என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறவள், நாவலைப் பற்றி முதல் கேள்வி கேட்டவளே அவள்தான். அவளுக்குச் சொல்லாமல் நாளைக்கு அந்த முற்றத்தில் நான் எப்படி நிற்பது?

8

இதுவரை எழுதியதைப் பிரின்ட் எடுத்து மீனாம்பாளிடம் கொடுத்துவிட்டேன். மூன்று பிரதி வேண்டும் என்று மட்டும்தான் சொன்னேன். ஒன்று ரம்புக்கனைக்கு, ஒன்று ராஜதுரை அண்ணனுக்கு. மூன்றாவது யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மெஷினிலிருந்து வருகிற ஒவ்வொரு தாளையும் கையில் எடுத்து, மை மங்கியிருக்கிறதா என்று பார்ப்பாள். பார்க்கிறபோது இரண்டு வரி படிப்பாள், அவ்வளவுதான். இன்றைக்கு முதல் தாளை அப்படித்தான் பார்த்தாள். இரண்டாவது தாளில் கொஞ்சம் நின்றாள். இப்போது ஐந்தாவது பகுதி உள்ள தாள் அவள் கையில் இருக்கிறது. மெஷின் ஓடவில்லை. அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிகிறது. நான் இங்கே கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, இந்தக் கடைசித் தாளைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

வாசகரே, உங்களிடம் ஒரு முடிவைக் கேட்கலாம் என்று இருந்தேன். இந்த மாதிரிக் கதைகளில் அப்படித்தான் செய்வார்கள். மன்னியுங்கள், இந்த முடிவு உங்களுடையது அல்ல. அதைச் சொல்லவேண்டியவள் அங்கே நிற்கிறாள். என்னிடம் மீதி இருப்பது, நாவலில் விட்டுப்போன வரிகள்தான்.

மீனா, என் அக்காவின் பெயர் ரெங்கநாயகி. தட்டைக் கொண்டுபோனது நான். விருந்தாளி வந்தால் ரேடியோவைக் கூட்டி வைத்ததும் நான்தான். யாராவது தலை வாரிவிட்டார்களா என்று கேட்டாயே.

இல்லை. ஒரு நாளும் இல்லை.