மூன்றாவது சுற்று

மார்ச் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, காப்பிக்கொட்டை ஆலையின் இரண்டாவது மாடியில் சுவை பார்க்கும் வேலைக்கான தேர்வு நடந்தது. எட்டு மேசைகள், மேசைக்கு மூன்று கோப்பைகள். இரண்டில் ஒரே காப்பி, ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். ஏழு மேசை சரியாக இருந்தால் வேலை. வந்த ஆறு பேரில் அவள் ஒருத்திதான் வெளிநாட்டுக்காரி. அவளுக்கு நான்கு சரியாக இருந்தன.

"எட்டுக்கு நாலா? கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டிருந்தாலே ரெண்டு மூணு தேறியிருக்குமே" என்றான் கணவன். அதே ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். ஊரில் ஒன்பது வருடம் மசாலா கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள் அவள். மிளகாய்த்தூளை மோந்தே எந்த மூட்டை என்று சொன்னவள். அவன் வேலைக்காக இந்த மலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. உள்ளூர் மொழி நன்றாகவே வந்துவிட்டது. ஆனால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் மெக்கானிக் பெண்டாட்டி, அவ்வளவுதான்.

"எனக்கு முன்னாடி நின்னவன் வாயில வெச்ச கரண்டியை அதே கோப்பையில திரும்ப விடறான். அதுல நான் எப்படிக் குடிக்கிறது?"

"நடுவுல வெந்நீர்ல முக்குவாங்கல்ல?"

"முக்கினா? எச்சில் எச்சில்தானே?"

டம்ளர் உதட்டில் படாமல் தூக்கிக் குடித்தே வளர்ந்தவள். பிறர் எச்சிலையாவது மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிடலாம். தன் வாயில் பட்ட கரண்டியை இன்னொருவர் குடிக்கப்போகும் கோப்பையில் விட கை வரவில்லை. மற்றவர்கள் ஒவ்வொரு மேசையையும் மூன்று முறை, நான்கு முறை சுற்றினார்கள். அவள் ஒரே சுற்றில் முடித்துக்கொண்டாள். தேர்வு நடத்தும் அம்மாள் கழுத்தில் எப்போதும் வெள்ளிக் கரண்டி ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார். இவர்கள் வீட்டுப் பேச்சில் அவருக்குக் கரண்டியம்மா என்று பெயர். "ஆறு வாரம் கழிச்சு இன்னொரு தடவை வரலாம். அதுதான் கடைசி. அதுக்கப்புறம் கேட்காதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலையின் ஜீப்பில் ஊர் சுற்றுவது அவர்கள் வழக்கம். ஏரி, அருவி, மலைப்பாதையின் ஏதாவது ஒரு வளைவு. நாலு படம் எடுத்து அவன் அம்மாவுக்கு அனுப்பினால் அந்த வாரம் முடிந்தது. அந்த ஞாயிறு முதல் ஜீப்பில் இரண்டு பிளாஸ்க், மூன்று கிண்ணம், இரண்டு கரண்டி ஏறின. ஒரு பிளாஸ்கில் மேல் சரிவுக் காப்பி, மற்றதில் கீழ்ச் சரிவுக் காப்பி. ஏரிக்கரை பெஞ்சில் அவளைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு ஊற்றினான். முதலில் தானே ஒரு வாய் உறிஞ்சி, கரண்டியைத் திரும்ப முக்கினான்.

"இப்ப நீ."

அவள் முகம் கோணியது.

"அடிப்பாவி, கட்டின புருஷன் எச்சில் கூடவா?"

"புருஷன்னா எச்சில் இனிக்குமா?"

ஒரு வாய் குடித்துவிட்டுத் தவறாகச் சொன்னாள். அடுத்த வாரம் அருவியருகே இரண்டு சுற்று வந்தாள். ஊற்றிய பத்தில் ஆறு சரி. மூன்றாவது ஞாயிறு மலைப்பாதை வளைவில், காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் நால்வர் நிழலில் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். என்ன விளையாட்டு இது என்று கேட்டார்கள். சொன்னதும் ஆளுக்கொரு வாய் கேட்டு, ஒரே கரண்டியால் மூன்று கிண்ணத்தையும் கலக்கிவிட்டார்கள்.

"நடு கிண்ணம்தான்" என்றாள் மூத்தவள். "இல்லேன்னா என் கூடை உனக்கு."

கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது. எட்டுக் கண்கள் அவள் கையையே பார்த்தன. இத்தனை பேர் எச்சிலுக்குப் பிறகு தன்னுடையது எந்த மூலைக்கு என்று தோன்றியதும் சிரிப்பு வந்துவிட்டது. கரண்டியை முக்கினாள். முதல் வாயில் சூடுதான் தெரிந்தது. இரண்டாவதிலும் பிடிபடவில்லை. மூன்றாவது சுற்றில், ஓரத்துக் கிண்ணத்தில் மட்டும், பழுக்காத கொய்யாவைக் கடித்தாற்போல ஒரு துவர்ப்பு நாக்கின் பக்கவாட்டில் நின்றது.

"நடு இல்ல. இது."

கணவன் தலையாட்டினான். "கூடையை எடுத்துட்டுப் போயிடாதே தாயே" என்று மூத்தவள் கும்பிட, மற்றவர்கள் கைதட்டினார்கள். அன்று இன்னும் ஒன்பது முறை ஊற்றினான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஏப்ரல் இருபத்துமூன்றாம் தேதி அதே மாடி, அதே எட்டு மேசைகள். அவளோடு ஐந்து ஆண்கள். ஸ்ஸர்ரென்று அவள் உறிஞ்சிய சத்தத்தில் பக்கத்தில் நின்றவன் திரும்பிப் பார்த்தான். அவன் முக்கிய கோப்பையில் அவள் முக்கினாள், அவள் முக்கிய கோப்பையில் அவன். ஆறாவது மேசை மட்டும் பிடிகொடுக்கவில்லை. மற்றவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார்கள். அவள் ஐந்தாவது சுற்றில் இருந்தாள்.

"போன தடவை ஒரே சுத்து. இன்னிக்கு மேசையை விட்டு நகர மாட்டேங்கறீங்களே" என்றார் கரண்டியம்மா.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்ப ஆறட்டும்."

ஒன்றரை நிமிடம் சும்மா நின்றாள். பிறகு மூன்றிலும் ஒவ்வொரு வாய் எடுத்து, இடது கோப்பை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

கரண்டியம்மா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மேசை மேசையாகக் கோப்பைகளைத் தூக்கி அடியிலிருந்த குறியைப் பார்த்துக்கொண்டே வந்தார். எட்டாவது மேசையைப் பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

எட்டுக்கு எட்டு. அன்று தேறியது அவள் ஒருத்திதான். மறுநாள் காலை ஏழரை மணிக்கு வேலையில் சேர்ந்தாள். முதல் மேசையில் நாற்பது கோப்பைகள் இருந்தன.