அழித்த நான்கு புள்ளிகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் முசஃபாவிலிருந்து கிளம்பி, இரண்டு பஸ் மாறி, ஜெயசீலன் அஜ்மானில் இறங்கியபோது மணி பன்னிரண்டு. கையில் சுருட்டிய கிராஃப் தாள் ஒன்று. வேர்வை பட்டுவிடக் கூடாதென்று பாலிதீன் உறையில் போட்டு, வழி நெடுக மடியிலேயே வைத்திருந்தான். அவனுடைய கல்லூரிக் கூட்டாளி சாதிக் பாட்ஷா செவ்வாய்க்கிழமை விசாவை கேன்சல் செய்துகொண்டு ஒரேயடியாகக் கீழக்கரைக்குப் போகிறான். அதற்குள் இந்தத் தாளை அவன் முன்னால் விரித்து, இருபத்தேழு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு அவன் முகம் கொடுத்துப் பேசுவானா என்பதுதான் பயம். இந்த வளைகுடா நாட்டில் ஜெயசீலனுக்கு சிநேகிதன் என்று இருப்பதே அவன் ஒருத்தன்.

மதுரையில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் வருஷம், இருவருக்கும் சேர்த்து ஒரே புராஜெக்ட். அறுபது நட்சத்திரங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒளியைப் பிரித்தால் தெரிகிற கோடுகளை வைத்து அவை என்ன வகை என்று கிடைமட்டத்தில் குறிக்க வேண்டும். செங்குத்தில் பிரகாசம். கண்ணுக்குத் தெரிகிற பிரகாசம் இல்லை. தொலைவில் இருப்பதும் மங்கலாகத்தான் தெரியும். ஆகவே தூரத்தைக் கண்டுபிடித்து, அதைக் கழித்து, உண்மைப் பிரகாசத்தை லாக் டேபிளில் போட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளை நட்சத்திரங்கள் ஜெயசீலனுக்கு, சிவப்பு சாதிக்குக்கு என்று பிரித்துக்கொண்டார்கள்.

புள்ளிகள் வந்து விழுந்த அழகை இன்றைக்கும் ஜெயசீலன் மறக்கவில்லை. வெள்ளையெல்லாம் மேலே இடப்பக்கம், மஞ்சள் நடுவில், சிவப்பு கீழே வலப்பக்கம். ஸ்கேல் வைத்தாற்போலச் சாய்வாக ஒரு கோடு. சாதிக் குறித்த நான்கு மட்டும் அடங்கவில்லை. ரோகிணி, சுவாதி, திருவாதிரை, கேட்டை நான்கும் சிவப்பாக இருந்துகொண்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் வலது மேல் மூலையில் போய் உட்கார்ந்திருந்தன.

நம் கல்லூரிகளில் சோதனை செய்கிற லட்சணம் தெரிந்ததுதான். கிராஃப் கோடாக வந்தால் சோதனை சரி. கோட்டில் உட்காராத ரீடிங்கை உட்காரவைப்பது, உட்காராவிட்டால் ஊற்றி மூடுவது. அதற்கு ‘குக் பண்றது’ என்று பெயர்கூட உண்டு. சாதிக் கணக்கில் கோட்டை விட்டுவிட்டான் என்றே ஜெயசீலன் நினைத்தான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ரெக்கார்டில் ஒட்டுவதற்கு முந்தின நாள், ரப்பரை எடுத்து நான்கையும் அழித்தான்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் தாளைப் பார்த்ததும், சிவப்புப் பெருநட்சத்திரங்கள் எங்கே என்றுதான் முதலில் கேட்டார். அதெல்லாம் சாதிக் செய்ய வேண்டியது சார், அவன் முடிக்கவில்லை என்று ஜெயசீலன் வாய் கூசாமல் சொன்னான். சாதிக் பக்கத்திலேயே நின்றான், ஒன்றும் பேசவில்லை. அவனுக்கு மார்க் குறைந்து, எம்.எஸ்சி. சீட் நூலிழையில் போயிற்று. அந்த வருஷமே மாமாவின் ஸ்டேஷனரிக் கடைக்கு, அஜ்மானுக்கு, வந்து சேர்ந்தான்.

ஜெயசீலன் எம்.எஸ்சி. படித்தான். அங்கேதான் முழுக் கதையும் தெரிந்தது. ஹார்வர்ட் வானாய்வகத்தில் அன்டோனியா மோரி என்ற பெண் புகைப்படத் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, சில நட்சத்திரங்களின் கோடுகள் மட்டும் முடிபோல மெல்லிசாக இருப்பதைக் கண்டு, அவற்றுக்குத் தனியாக ஓர் எழுத்து போட்டுவைத்தாள். மேலதிகாரிக்கு அது வேண்டாத வேலையாகப் பட்டது. டென்மார்க்கில் ஹெர்ட்ஸ்ப்ரங் என்பவர்தான் அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டார். மெல்லிய கோடுள்ளவையெல்லாம் வெகு தொலைவில் இருப்பவை. அவ்வளவு தொலைவிலிருந்தும் தெரிகிறதென்றால் அவற்றுக்கு உண்மையிலேயே பூதாகாரமான பிரகாசம். ஒரே சிவப்பில் பெரியதும் உண்டு, சிறியதும் உண்டு. கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். பிறகு அமெரிக்காவில் ரஸ்ஸல் அதையெல்லாம் படமாகப் போட்டார். அந்தப் படத்தை வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்தபோது, வலது மேல் மூலையில் கூட்டமாக விழுந்த புள்ளிகளைப் பார்த்து ஜெயசீலனுக்குக் கண்ணீர் முட்டியது. ஒருத்தி பார்த்துக் குறித்ததை ஒதுக்கிவைத்த அந்த மேலதிகாரி மேல் கோபம் வந்தது. அதே கோபம் திரும்பித் தன் மேலேயே விழுந்தது. அன்றைக்கே பழைய ரெக்கார்டிலிருந்து அந்தத் தாளைப் பிரித்தெடுத்துப் பத்திரப்படுத்தினான்.

எம்.எஸ்சி.யும் பெரிதாகச் சோறு போடவில்லை. முசஃபாவில் ஓர் உலோகப் பரிசோதனைக் கூடத்தில், இரும்புத் துண்டில் மின்பொறி பாய்ச்சி, எழுகிற ஒளியின் கோடுகளைப் பார்த்து, இதில் குரோமியம் இவ்வளவு, நிக்கல் இவ்வளவு என்று சொல்லுகிற டியூட்டி. ஒரு கோட்டைக்கூட விடமாட்டான். பங்களாதேஷ் பையன்கள் “பாய், ஜல்தி” என்று அவசரப்படுத்தி நின்றாலும் மறுபடி ஒரு தடவை பார்ப்பான். பத்து வருஷத்துக்கு முன்னால் கம்பெனி வேலையாக அஜ்மானுக்கு வந்தபோது ஃபைல் வாங்கப்போன கடையில் கல்லாவில் சாதிக் இருந்தான். கட்டிப் பிடித்துக்கொண்டான். ஹாஸ்டல் சாம்பார், லைப்ரரி மின்விசிறி, எல்லாம் பேசினார்கள். அந்த நான்கு புள்ளிகளைப் பற்றி மட்டும் இருவரும் பேசவேயில்லை.

கடையில் அலமாரிகள் காலியாக இருந்தன. சரக்கெல்லாம் அட்டைப்பெட்டிகளுக்குள் போய்விட்டது. சாதிக் பாலில்லாத சுலைமானித் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். ஜெயசீலன் குடிக்காமல் தாளை விரித்தான்.

“மாப்ள, நாலையும் அழிச்சது நான்தான். நீ முடிக்கலன்னு பொய்யும் சொன்னேன். உனக்கு சீட் போனது என்னாலதான்.”

சாதிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பென்சில் போயிருந்தாலும் அழுந்திய குழி நான்கும் அப்படியே இருந்தன. நீ அழித்தது அன்றைக்கே தெரியும் என்றான். பிறகு தான் ஏன் வாயைத் திறக்கவில்லை தெரியுமா என்று கேட்டான். அது அவனுடைய பெருந்தன்மை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருப்பதாக ஜெயசீலன் சொன்னான். சாதிக் விழுந்து விழுந்து சிரித்தான்.

“பெருந்தன்மையாவது ஒண்ணாவது. லைப்ரரியில நட்சத்திரத் தூர அட்டவணையில அந்தப் பக்கத்தை எவனோ கிழிச்சிட்டுப் போயிட்டான். சுவாதி, திருவாதிரை, கேட்டை மூணுக்கும் தூரமே கிடைக்கல. வேற புஸ்தகத்துப் படத்தைப் பார்த்து, கண்ணால அளந்து வச்சேன். வாயைத் திறந்தா கணக்கைக் காட்டுன்னிருப்பாரு. எங்கிட்ட ஏது கணக்கு?”

ஜெயசீலனுக்குச் சிரிப்பு வந்தது, ஆத்திரமும் வந்தது. இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்ததில் முக்கால்வாசி இவன் குக் பண்ணிய ரீடிங்கா? இவனைத் திட்டுவதா, தன்னைத் திட்டிக்கொள்வதா என்று தெரியாமல் சுலைமானியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். மனசு லேசாகிவிட்டது போலவும் இருந்தது.

சாதிக் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

“ஆனா ரோகிணி அப்படியில்ல. அதுக்குத் தூரம் இருந்துச்சு. மூணு நாளு லாக் டேபிளோட மல்லுக்கட்டுனேன். சூரியனைப்போல நூறு மடங்குக்கு மேல வந்துச்சு. எனக்கே நம்பிக்கையில்லாம திரும்பத் திரும்பப் போட்டேன், அதேதான் வந்துச்சு. சீட் போனது பெரிய நஷ்டந்தான், இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா என் வாழ்க்கையில நானா கண்டுபிடிச்சது அது ஒண்ணுதான் மாப்ள. அதையும் எங்கிட்ட கேக்காம அழிச்சிட்ட.”

ஜெயசீலன் பயந்தது சீட்டைப் பற்றி. இதை அவன் எண்ணிப் பார்த்ததேயில்லை. ஒரு பென்சில் கேட்டான்.

சாதிக் ஒட்டிய பெட்டியொன்றைக் கிழித்துப் புதுப் பென்சில் எடுத்து, தானே சீவிக் கொடுத்தான். ஜெயசீலன் தாளை வாசல் வெயிலுக்குச் சாய்த்து, நான்கு குழிகளில் ரோகிணியின் குழியைத் தேடிப் பிடித்தான்.

“நல்லா அழுத்தி வை” என்றான் சாதிக்.

அழுத்தி வைத்தான். பக்கத்தில் ரோகிணி என்றும், அதன் கீழே ‘கணக்கிட்டவர்: சாதிக் பாட்ஷா’ என்றும் எழுதினான். மற்ற மூன்றையும் இருவரும் தொடவில்லை. மை காய்வதற்குக் காத்திருப்பவன் மாதிரி சாதிக் அந்தப் பென்சில் புள்ளியைப் பார்த்துக்கொண்டேயிருந்தான். பிறகு தாளைச் சுருட்டி, செவ்வாய்க்கிழமை கொண்டுபோகிற பையில் வைத்தான்.