பொம்மைத் தாய்க்கு ரத்தப்போக்கு

பொம்மைத் தாய்க்கு இன்னும் ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை. அதற்குள் மூன்றாவது மாணவியும் வந்ததும் வராததுமாக அதன் வயிற்றைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். நர்சிங் கல்லூரியில் செய்முறைத் தேர்வு நடத்தும் டீச்சருக்குச் சுருக்கென்றது. பிரசவம் முடிந்த தாயிடம் முதலில் பேச வேண்டும், நாடி பார்க்க வேண்டும். கர்ப்பப்பை தளர்ந்து ரத்தம் கொட்டினால்தான் தேய்ப்பது. கொட்டப்போவது இவளுக்கு எப்படித் தெரியும்?

ஒருத்தி என்றால் அதிர்ஷ்டம் எனலாம். மூன்று பேருமா? கேள்வித்தாள் வெளியே போயிருக்கிறது. நேற்று முழுக்க அது டீச்சரின் வீட்டு மேஜையில்தான் கிடந்தது. அந்த வீட்டில் அவளைத் தவிர இருப்பது ஒரே ஆள், தங்கை மகள். அவளும் இதே வகுப்பு. காலையில் அவள் பெரியம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நழுவியது இப்போது ஞாபகம் வந்தது. சந்தேகம் புகுந்துவிட்டால் தும்மினால்கூடக் குற்றம்தானே!

உண்மை என்றால் பெண்ணைக் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள். புகாரில் பெயரை எழுத வேண்டியதும் டீச்சரேதான். தங்கை முகத்தில் எப்படி விழிப்பது?

தங்கை மகளின் முறையைக் கடைசியாக வைத்தாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பொம்மையை இயக்கி, அதற்குக் குரலும் கொடுக்கும் டெக்னீஷியனம்மாவிடம் போய், இந்த முறை ரத்தம் உள்ளே ஒரு கிழிசலிலிருந்து வரட்டும், கர்ப்பப்பை கெட்டியாகவே இருக்கட்டும் என்று காதைக் கடித்தாள். திருடியிருந்தால் இவளும் தேய்ப்பாள், வசமாக மாட்டிக்கொள்வாள்.

தங்கை மகள் வந்தாள், கை கழுவினாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று பொம்மையைக் கேட்டாள். தலை சுற்றுகிறது என்றது ஒலிபெருக்கி. ரத்தம் கசிய ஆரம்பித்தது. நாடி பார்த்தாள், வயிற்றைத் தொட்டாள், கெட்டியாக இருக்கிறது என்றாள். விளக்கைத் திருப்பி, உள்ளே கிழிந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்து, துணி வைத்து அழுத்தியபடியே டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனாலும் மனசு அடங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, மற்றவர்களுக்கு யார் சொன்னது என்று கேட்டாள்.

"நீங்கதான் பெரியம்மா."

"நானா?"

"ரத்தம் வர்ற கேஸுக்கு மட்டும்தான் மெத்தை நனையக் கூடாதுன்னு ரப்பர் ஷீட் விரிப்பீங்க. வாசல்லேர்ந்தே தெரியும். முதல் வருஷத்துலேர்ந்து எல்லாருக்கும் தெரியும்."

டீச்சர் கட்டிலைப் பார்த்தாள். பச்சை ரப்பர் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாகத் தன் கையாலேயே விரித்தது. அசடு வழிய, அப்படியானால் நீ மட்டும் ஏன் தேய்க்கவில்லை என்றாள்.

"ரத்தம் வரும்னுதானே தெரியும்? எங்கேர்ந்து வருதுன்னு பார்த்தாத்தானே தெரியும்."

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் கையைப் பிடிக்கப் போனாள். பெண் கையை இழுத்துக்கொண்டு கையுறையைக் கழற்றினாள்.

"என் மேலதான் சந்தேகப்பட்டீங்களா?"

டீச்சர் குனிந்து ரப்பர் ஷீட்டைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"இன்னைக்கே ஹாஸ்டலுக்குப் போயிடறேன் பெரியம்மா. நாளைக்கும் பரீட்சை இருக்கு, கேள்வித்தாளும் வீட்டுலதான் இருக்கும். உங்களுக்கும் நிம்மதியா இருக்கும்."