ஐம்பத்தெட்டு விளக்குகள்

"உடைஞ்ச குடையை வச்சு எதையாவது புதுசா செஞ்சிட்டு வாங்க" என்று கல்லூரிக்குப் புதிதாக வந்த அறுபது பேரிடம் சொன்னதோடு ஆசிரியை நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "உதாரணத்துக்கு, தலைகீழாத் தொங்கவிட்டா விளக்குக் கூடு ஆயிடும்" என்று சொல்லித் தொலைத்தாள். மறுவாரம் ஐம்பத்தெட்டு விளக்குகள் வந்து சேர்ந்தன. மீதி இரண்டு பேர் அன்றைக்கு லீவு.

துறைத்தலைவர் வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "விளக்குக் கடை வச்சிரலாம் மேடம். வெள்ளிக்கிழமை மறுபடி வர்றேன். அன்னைக்கும் இதே கதைன்னா, திங்கள்லேருந்து உங்க நேரம் கணக்குக்குப் போயிடும்."

இந்தப் படைப்பாற்றல் வகுப்புக்கு அனுமதி வாங்க அவள் இரண்டு வருடம் அலையாய் அலைந்திருந்தாள். முதலில் பிள்ளைகள் மேல்தான் கோபம் வந்தது. கரும்பலகையைப் பார்த்து எழுதியே வளர்ந்தவர்களிடம் விடையை நீட்டியது தான்தான் என்று உறைத்ததும் தன் மேலேயே வந்தது. இனி உயிரே போனாலும் உதாரணம் சொல்வதில்லை என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் விளக்குகளை எல்லாம் பிரிக்கச் சொன்னாள்.

"இப்ப என்ன செய்யணும் மேடம்?"

"அது உங்க பாடு."

"எத்தனை மார்க்?"

"விளக்குக்கு சைபர். மத்ததுக்கு இன்னும் யோசிக்கல."

"ஒரே ஒரு உதாரணம் மேடம்."

"சொல்ல மாட்டேன்."

அரை மணி நேரம் ஒருவரும் அசையவில்லை. அவளுக்கு நுனிநாக்கில் நாலு யோசனை வந்து நின்றது. இப்படியே மணி அடித்துவிட்டால் என்ன செய்வது என்று கடிகாரத்தைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசி வரிசையில் ஓர் ஒல்லிப் பெண் குடைக்கம்பி ஒன்றை முறித்து, நுனியில் துணியைச் சுற்றினாள். "எங்கம்மாவுக்குத் தோள்வலி. முதுகுல மருந்து தேய்க்கக் கை எட்டாது. இது எட்டும்" என்றாள், யாருக்கோ சொல்வதுபோல. பக்கத்தில் இருந்தவன் அவசர அவசரமாகத் தன் குடையிலும் ஒரு கம்பியை முறித்தான். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தான். "சே" என்று கம்பியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். அவன் சொறிந்ததைப் பார்த்த பிறகுதான் ஆசிரியைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பில் அறுபது சாமான்கள் இருந்தன. ஒன்றைப்போல் ஒன்றில்லை. பாதி, தொட்டால் விழுந்துவிடும். துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஆசிரியை ஓர் ஓட்டைக் குடையை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களும் ஒண்ணு செய்ங்க சார்."

அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். "எப்படி? ஒரு உதாரணம் சொல்லுங்களேன்."

அறுபது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "சொல்ல மாட்டாங்க சார்."

துறைத்தலைவர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வகுப்புக்குக் கணக்கு வாத்தியார் வந்து வாசலில் நின்றார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் துறைத்தலைவர், குடையிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.