தங்கக் கோல் இருக்கும் வீடு

பீவர்ட்டன் ஊரின் பழைய அளவுக்கருவிச் சங்கத்துக்கு மெர்வின் ஸ்ட்ராண்ட் பத்தொன்பது வருடமாகத் தலைவர். அந்த நாற்காலியை வேறு யாரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன பேச்சு வாங்க வேண்டியிருக்குமோ என்ற பயம்தான்.

சங்கத்தின் ஒரே சட்டமும் அவர் எழுதியதே. உயிர் வராத கருவி எதுவானாலும் முதலில் மீட்டர் வைத்து அளக்க வேண்டும். அளக்காமல் பாகத்தை மாற்றினால், "அளக்காமல் கழற்றிய முட்டாள் நான்" என்று எல்லார் முன்னாலும் மூன்று தடவை சொல்லிவிட்டு, ஈயம் உருக்கிப் பற்றவைக்கும், தங்கப் பெயின்ட் அடித்த சால்டரிங் கோலை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். அடுத்த குற்றவாளி சிக்கும்வரை அது அங்கேதான். சங்கத்தில் மொத்தம் பதினோரு பேர். பத்து பேர் சொல்லியாயிற்று. பாக்கி ஒருவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது கோல் லோரீன் பிக்கெட் வீட்டில் இருந்தது. ஊரில் ஓடிய ஆசிலாஸ்கோப் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். போன மாதம் ஒரு ஃப்யூஸை அளக்காமல் மாற்றிவிட்டாள். கண்ணாடிக்குள்ளே கம்பி கருகிக் கிடந்தது எட்ட நின்றாலே தெரிந்தது. மெர்வின் விடவில்லை. "உன் கண்ணு என்ன மீட்டரா? சொல்லு, மூணு தடவை" என்றார். எழுபது வயதுப் பெண்மணி டோனட் தட்டைக் கையில் பிடித்தபடி சொல்லி முடித்தாள்.

அதே மாதம் மெர்வின் ஒரு ஆசிலாஸ்கோப் வாங்கினார். மின்சாரத்தின் அலையைத் திரையில் பச்சைக் கோடாகக் காட்டும் பெட்டி, நாற்பது கிலோ, லோரீனின் தொழிற்சாலையிலேயே பிறந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று எல்லாருக்கும் சொல்லியும் விட்டார்.

பழைய கருவியைத் தூங்குகிற குழந்தையைப் போல எழுப்ப வேண்டும் என்பது அவருடைய வேதம். அதற்கென்றே வேரியாக் வைத்திருந்தார், மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் திருகுப் பெட்டி. இருபது வோல்ட், நாற்பது, அறுபது. அறுபதில் கருவி 'டிக், டிக்' என்றது. மெர்வின் சட்டென்று அணைத்தார். மறுபடி முயன்றார், மறுபடி டிக். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர்கள்தான் செத்திருக்கும் என்று முடிவு கட்டினார்.

அளந்தாரா? ஒவ்வொன்றின் கம்பிக் காலையும் கழற்றித் தூக்கி, குனிந்து அளக்க அவர் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. வீட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்? நான்கு நாளில் நாற்பத்து மூன்றையும் பிடுங்கிப் புதிது வைத்தார். கருவி 'டிக், டிக்' என்றது.

வெள்ளிக்கிழமை காலை மானத்தை விழுங்கிக்கொண்டு லோரீனுக்குப் போன் போட்டார். "சும்மா ஒரு காபி குடிக்க வாயேன்."

அவள் வந்தாள். காபியைத் தொடவில்லை. டிக் டிக்கைக் கேட்டாள். நேராகப் போய் வேரியாக்கிலிருந்து வயரைப் பிடுங்கி, சுவரில் சொருகப் போனாள்.

"ஐயோ, லோரீன்! வெடிச்சிரும்!"

"வெடிச்சா புதுசு வாங்கிக்கோங்க, இன்ஜினியரய்யா."

சொருகி, பொத்தானை இழுத்தாள். விசிறி சுழன்றது. திரையில் பச்சைக் கோடு ஒன்று நிதானமாக வந்து நின்றது.

"இதோட சப்ளைக்கு முழுக் கரன்ட் குடுத்தாத்தான் கிளம்பும். பாதி குடுத்தா இப்படித்தான் டிக் டிக்குனு அழும். ஃபேக்டரி லைன்ல வாரத்துக்கு நூறு பெட்டி ஓட்டிப் பாத்தோம், ஒன்னையும் தாலாட்டி எழுப்பினதில்ல."

மெர்வின் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "லோரீன், நீ வந்தது நமக்குள்ளயே இருக்கட்டும்."

"நான் வந்ததா? மூச்சு விட மாட்டேன்." மேசையடியில் கிடந்த பையைக் காலால் தள்ளினாள். "இந்தப் பழைய கெப்பாசிட்டரெல்லாம் குப்பைக்குத்தானே? போற வழியில நானே போட்டுடறேன்."

தடயம் தொலைந்த சந்தோஷத்தில் அவரே காரில் ஏற்றிவிட்டார்.

சனிக்கிழமை பச்சைக் கோட்டைப் பார்த்துப் பத்து பேரும் கைதட்டினார்கள். மெர்வினுக்குத் தலைகால் புரியவில்லை. "நாப்பத்து மூணு கெப்பாசிட்டர். எல்லாம் செத்துப் போச்சு. ஒவ்வொன்னா அளந்துதான் மாத்தினேன்" என்றார். சும்மா இருந்திருக்கலாம். அவரால் முடியாது.

லோரீன் எழுந்தாள். முட்டை அட்டைகளை மேசையில் விரித்தாள். குழிக்கு ஒன்றாகப் பழைய கெப்பாசிட்டர்கள், ஒவ்வொன்றிலும் அவள் அளந்த அளவு எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. எதிலிருந்து வந்தவை என்று அவள் சொல்லவில்லை. நாற்பத்து மூன்றையும் எண்ண எல்லாருக்கும் தெரியும்.

"ஃப்ளாய்ட், அந்த மீட்டர எடு."

செயலாளர் ஃப்ளாய்ட் போன வருடம் ஐந்து மாதம் கோலை வைத்திருந்தவர். துள்ளி வந்தார். "முதல் உருப்படி, நல்லது." அடுத்தது, "நல்லது." ஏழாவதுக்குப் பிறகு அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

லோரீன் கைப்பையிலிருந்து தங்கக் கோலை எடுத்து மெர்வின் முன்னால் வைத்தாள்.

அவர் பெட்டியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பத்து பேரும் காத்திருந்தார்கள். "அளக்காமல் கழற்றிய முட்டாள் நான்" என்றார். திரும்பவும் சொன்னார். கோலை அவசரமாகக் கோட்டுப் பைக்குள் திணித்தார்.

"இன்னொரு தடவை பாக்கி இருக்கு" என்றாள் லோரீன். "ஒரே ஒரு ஃப்யூஸுக்கே என்னை மூணு தடவை சொல்ல வச்சீங்க."