வைரவருக்கு அப்பிய சந்தனம்

யதுர்ஷிகாவின் கையை நான் முதன்முதலில் கண்டது என் மனிசனுடைய போனில். பூவரசங்குளத்தில் ஏதோவொரு பழைய கட்டடத்தின் படியைப் படம் எடுத்திருந்தார். படிக்கல்லில் ஒரு படுக்கைக் கோடு. அதன் கீழே, நுனியால் கோட்டை முட்டிக்கொண்டு, மூன்று கீறல்கள் கூடிய ஓர் அம்பு. பக்கத்தில், அளவு தெரிவதற்காக அளக்கிற ரேப்பை நீட்டிப் பிடித்தபடி ஒரு கை. நகத்தில் ஊதா நிறக் கியூட்டெக்ஸ்.

"ஆரின்ரை கை?" என்று கேட்டேன்.

"யதுர்ஷிகான்ரை. எங்கடை பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த புவியியல் ரீச்சர்" என்றார், அந்தக் கை படியோடு சேர்த்துக் கட்டப்பட்டது போல.

என் மனிசன் சிவகரன் கணக்கு வாத்தியார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இவருக்கு இந்த விசர். அந்தக் காலத்துச் சேவையர்மார் நிலத்தின் உயரத்தைக் கணக்கெடுப்பதற்காகக் கோயில் படி, மதகு, பள்ளிக்கூடச் சுவர் என்று ஊரெல்லாம் வெட்டி வைத்த அடையாளங்களைத் தேடித் திரிவார். முன்பெல்லாம் மோட்டார் சைக்கிளின் பின் சீற்றில் நான் இருப்பேன். ரேப்பைப் பிடித்ததும் இந்தக் கைதான். ஒருநாள் வெயிலில் தலையிடி வந்து, "உங்கடை கல்லும் நீங்களும், இனி நான் வரமாட்டன்" என்று கத்திவிட்டேன். கோபத்தில் சொன்னதுதான். கெஞ்சுவார் என்று பார்த்தால், மனிசன் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இவருடைய மோட்டார் சைக்கிள் முன்னால் போகும், அவளுடைய ஸ்கூட்டி பின்னால் போகும். என் சீற்றில் ஒரு பையை றப்பரால் இறுக்கிக் கட்டியிருப்பார். பைக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்!

அவர்கள் இருவரும் மாதக்கணக்காகத் தேடுவது எங்கள் உருத்திரபுரத்துக் கல்லொன்றை. பழைய வரைபடத்தில் எங்கள் ஒழுங்கை முகப்பு மதகில் அடையாளம் இருக்கிறது. மதகு சண்டையில் உடைந்து, இப்போது புதுசாகக் கொங்கிறீற் போட்டுவிட்டார்கள். உடைந்த கற்களை ஊர்ச்சனம் அத்திவாரத்துக்கு அள்ளிப்போனது. அதனால் ஒவ்வொரு வீட்டுப் பின்பக்கமாகக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். என்னைக் கூப்பிடுவது போலவே அவளையும் "நீர்" என்றுதான் கூப்பிடுகிறார். அந்த 'நீர்' எனக்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு பின்னேரம் தேடிக் களைத்து எங்கள் வீட்டுக்கு வந்து, மேசையின் ஒரு பக்கத்தில் இரண்டு பேரும் கதிரைகளை ஒட்டிப் போட்டு இருந்து போனில் அந்தப் படிக்கல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு கதிரை இழுத்துப்போட ஒருவருக்கும் தோன்றவில்லை. தேத்தண்ணியோடு எதிர்ப்பக்கம் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் படம் தலைகீழ். அம்பு அம்பாகத் தெரியவில்லை. கீழே ஒரு கோடு, அதன்மேல் மூன்று முனையும் விரிந்த சூலம்.

எங்கள் வீட்டு வளவு வைரவர்!

சண்டை முடிந்து மீளக்குடியேறி வந்தபோது வேப்பமரத்தடி வைரவரின் இரும்புச் சூலத்தைக் காணவில்லை. யாரோ பழைய இரும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாமா, அதாவது இவருடைய அப்பா, உடைந்த மதகடியில் சூலம் பொறித்த கல் கிடக்கிறதென்று கண்டு, "வைரவர் தானாத் தேடி வந்திட்டார்" என்று தூக்கி வந்து நட்டார். சூலமென்றால் முனை மேலேதானே இருக்கவேண்டும்? அப்படியே நட்டார். மாமா காலமாகிவிட்டார், நாங்கள் விடாமல் கும்பிட்டு வருகிறோம். ஊரெல்லாம் குனிந்து பார்க்கிற என் மனிசன் வைரவருக்கு முன்னால் மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்.

சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முதலில் துள்ளுவாள், அவளுடைய கை ரேப்பைப் பிடிக்கும், படம் ஊர் முழுக்கப் போகும். வாயைப் பொத்திக்கொண்டேன். அடுத்த நாளே சந்தனத்தைக் குழைத்துக் கல்லில் அப்பினேன்.

"என்ன, வைரவர் சந்தனத்துக்கை புதைஞ்சு போனார்?" என்று இவர் கேட்டார்.

"வெக்கைக்குக் குளிர்ச்சி" என்றேன்.

பூரணைப் போயா லீவன்று வைரவருக்குப் பொங்கிப் படைத்து மடை வைத்தோம். அவளும் வந்தாள், இவரைத் தவிர வேறு யார் கூப்பிட்டிருப்பார்கள்! சந்தனத்துக்கு மேல் செவ்வரத்தம்பூ, அதற்குமேல் வடைமாலை. கல் இருந்த இடமே தெரியவில்லை. கல்லுக்கு நேரே நின்று உருகி உருகிக் கும்பிட்டாள்.

"என்ன நேந்தனீ?" என்று கேட்டேன்.

"அந்த மதகுக் கல்லு கிடைக்கவேணுமெண்டுதான் அக்கா."

எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார்.

"கிடைக்காட்டி என்ன? கிடைக்கும் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் தேடுவம்."

"ஓம் சேர், வருசக்கணக்கா எண்டாலும் தேடுவம்."

ஐயோ, என் கையாலேயே என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன்! நான் கல்லை ஒளிக்க ஒளிக்க, அவள் இவரோடு தேடித் திரிவாள். இதை அவளுக்குச் செய்து கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

கிணற்றடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வந்தேன். வடைமாலையைக் கழற்றி அவளுடைய கையில் கொடுத்துவிட்டு, குடத்தை அப்படியே கவிழ்த்தேன். பூவும் சந்தனமும் வழிந்து போயின.

"இஞ்சருங்கோ, குனிஞ்சு தலைகீழாப் பாருங்கோ."

வேட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அருந்ததி! நீர் எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு மனிசன் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி.

"சேர், தலைகீழா நட்டுக் கிடக்கு. நிமித்தி வைச்சுப் படம் எடுப்பமே?" என்று அவள் கிட்ட வந்தாள்.

"வைரவரிலை தொட்டியெண்டால் கையை முறிப்பன்."

கொஞ்சம் கூடிப்போய்விட்டது. ஆனாலும் சிரித்துச் சமாளிக்க எனக்கு மனம் வரவில்லை.

இவர் போனை எடுத்தார். "ரேப்பை ஒருக்காப் பிடியும்" என்றார், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல். யாரைச் சொன்னாரோ! அவள் தன் கைப்பைக்குள்ளிருந்து எடுத்த ரேப்பைப் பறித்து நானே பிடித்தேன். படத்தில் என் கை, நகமெல்லாம் சந்தனத்தோடு.

முடிந்தது என்று நினைத்தேன். அவள் வடையைக் கடித்துக்கொண்டு, "சேர், அப்ப வாற ஞாயிறு நாயாற்றுப் பக்கம் போவம். அங்கை பழைய கட்டடம் ஒண்டிலை இருக்காம்" என்றாள்.

இவர் என்னைப் பார்த்தார். "நீர் வெயிலுக்கை வரமாட்டீர்தானே?"

நேரே மோட்டார் சைக்கிளடிக்குப் போய், றப்பரைக் கழற்றி, பையை எடுத்து அவளுடைய ஸ்கூட்டியில் கொழுவினேன்.

"இது உன்னோடை வரட்டும் தங்கச்சி. இவரின்ரை பின் சீற்றிலை நான் வாறன்."

பிறகு குசினிக்குள் போய், தலையிடிக்குப் போடுகிற குளிசை இரண்டை எடுத்து என் கைப்பைக்குள் வைத்தேன்.