அம்மாசிக்குக் கண்ணீர் அஞ்சலி

அம்மாசி செத்துப்போன சேதியை என்னிடம் கொண்டுவந்தவர் பச்சமுத்து. அன்று காலை ஒன்பது மணிக்குத்தான் அம்மாசி இரண்டு போண்டாவும் டீயும் சாப்பிட்டு, செலவை என் தலையில் கட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தான்.

என் பேர் அமிர்தம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிளக்ஸ் கடையில் டிசைன் போடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு, எதுவானாலும் என் கைதான். கல்யாணத்துக்கு அரை நாள் பிடிக்கும். சாவுக்குப் பத்து நிமிஷம். சொட்டு விடும் ஒரு கண், குத்துவிளக்கு, நடுவில் போட்டோ, தோற்றம், மறைவு, அவ்வளவுதான். சாவு வீட்டுக்காரன் திருத்தம் சொல்லமாட்டான்.

பச்சமுத்து காலில் செருப்பு இல்லை. கண் வீங்கியிருந்தது. போனை என் முன்னால் நீட்டினார்.

"ம்மா, இதுல அடியில உங்க கட பேரும் நம்பரும் போட்டுக்குது. போன் அடிச்சா யாரும் எடுக்கல. இந்தப் பையன் பொணத்த எங்க வச்சிக்கினு இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

என் டிசைன். மாலை போட்ட அம்மாசி. 'கண்ணீர் அஞ்சலி'.

எங்கள் பங்கு மாதா கோயிலில் இளைஞர் குழு ஒன்று உண்டு. பதினோரு பேர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் படம் எடுப்போம். கேமரா என் போன், விளக்கு சூரியன், செலவு சாமியார் வாங்கிக் கொடுக்கிற எலுமிச்சை சாதம். பங்குத் திருவிழாவில் திரை கட்டிக் காட்டுவதற்காக அஞ்சு மாதமாக ஒரு குடிகாரன் கதை எடுத்துக்கொண்டிருந்தோம். குடித்துக் குடித்து ஒருவன் சாகிறான், தாய் அழுகிறாள். புதுசா என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். எங்களுக்கு அது உயிர்.

அந்தக் குடிகாரன்தான் அம்மாசி. கோயில்காரன் இல்லை, கல்வராயன் மலைக்காரன். கீழே பைக் பட்டறையில் வேலை. முகத்தைக் கேமராவில் வைத்தால் வேறு யாரும் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள், அப்படி ஒரு முகம். கதையில் அவனுக்கு டேனியல் என்றுதான் பேர் வைத்தோம். டேனியல் என்று கூப்பிட்டால் எருமை திரும்பியே பார்க்கவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டு, போடா என்று அவன் சொந்தப் பேரையே வைத்துவிட்டேன்.

சாவுக் காட்சிக்கு ஒரு பிளக்ஸ் வேண்டியிருந்தது. கடையில் மிஞ்சிய துண்டில் நானே அடித்தேன். பழக்கதோஷம், கடை பேரும் நம்பரும் அடியில் போட்டேன். நேற்று ஷூட்டிங் முடிந்ததும் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். 'இளைஞர் குழு படப்பிடிப்பு, நம்ம டிசைன் எப்படி?' என்று எழுதித்தான் வைத்தேன். எவனோ எழுத்தை விட்டுவிட்டு படத்தை மட்டும் எடுத்து அனுப்பியிருக்கிறான். பெருமைக்கு மாவு இடித்தாய் அல்லவா, நன்றாக அனுபவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"ஐயா, அவன் சாவல. அது சினிமா. உயிரோடதான் இருக்கான்" என்றேன்.

பச்சமுத்து என்னைப் பார்த்தார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். "நான் அவன் தாய்மாமன்ம்மா. ராத்திரியிலேர்ந்து அவன் போனு சுவிட்ச் ஆப்பு" என்றார்.

அந்தப் போன் என் பையில் இருந்தது. வசனம் பதிவு செய்ய வாங்கி, சார்ஜ் போட மறந்தது.

கடையை அப்படியே விட்டுவிட்டு அவரைப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்த அம்மாசி, "இன்னா மாமா, நீ எங்க இங்க?" என்று எழுந்து வந்தான். பச்சமுத்து அவன் கன்னத்தில் பளார் என்று ஒன்று விட்டார். பிறகு அவன் கிரீஸ் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் உட்கார்ந்து அழுதார்.

"உங்கம்மா பல்லக் கடிச்சிக்கினு கெடக்குதுடா. தண்ணி எறங்கல. ஊர்ல குழி வெட்டிக்கினு இருக்காங்க. 'அகலமா வெட்டுங்கடா, நானும் கூடப் போறேன்'னுது. ரெண்டு பொம்பளைங்கள காவலுக்கு வச்சிட்டு வந்தேன்."

அம்மாசியின் அண்ணன் மாயவன் கேரளாவுக்குக் கிணறு வெட்டப் போய் மண் சரிந்து செத்தவன். முதலில் ஒரு போனில் போட்டோ வந்தது. மூன்று நாள் கழித்து உடம்பு வந்தது. அம்மாசி இதை என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறான். அடுத்த படத்துக்கு நல்ல கதையாச்சே என்று நினைத்தவள் நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஊருக்குப் போன் போட வழி இல்லை. அங்கே டவர் கிடையாது. ஜீப்காரர் ஒருவர்தான் வெள்ளிமலையில் படத்தைப் பார்த்துவிட்டுப் போய் அம்மாவிடம் காட்டியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மாலையும் விளக்கும் படிக்காமலே புரியும். அதற்காகத்தானே அப்படிப் போடுகிறோம்.

பைக் கேட்டு கோயிலுக்கு ஓடினேன். சாமியார் பாதி கேட்டதுமே சாவியை நீட்டினார். "மொதல்ல போ. திட்டறத வந்தப்புறம் திட்டறேன்" என்றார்.

மூன்று பேர் ஏறினோம். அம்மாசி ஓட்டினான். கச்சிராயபாளையம் தாண்டி அணைக்கட்டு வரைக்கும் வண்டி வந்தது. மலை ஏற ஆரம்பித்ததும் முக்கியது. மூன்றாவது வளைவில் நின்றேவிட்டது. நான் இறங்கினேன். "நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் பஸ்ஸுல வரேன்" என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது, பொய் சொல்வானேன்.

பச்சமுத்து இறங்கி என் தோளைப் பிடித்து வண்டிப் பக்கம் தள்ளினார். "நீ போம்மா. நீ செஞ்சத நீதான் போய் சொல்லணும். நான் பின்னால பஸ்ஸுல வரேன்."

மேலே போகப் போகக் குளிர்ந்தது. பேசுடா, திட்டுடா என்று அம்மாசியின் முதுகில் குத்தினேன். ஒரு வளைவில் கியரைக் குறைத்தபடி சொன்னான்:

"நேத்து பொணமா படுத்துக்கினு இருந்தப்ப மூச்ச அடக்கு, அடக்குன்னு சொன்னியேக்கா. எங்கம்மா நெஜமாவே அடக்கிட்டா இன்னா பண்றது?"

அதற்கப்புறம் நான் ஜெபம்தான் சொன்னேன். மாதாவே, அந்த அம்மா உயிரோடு இருக்கட்டும், வேறு எதுவும் கேட்கமாட்டேன். இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வெள்ளிமலை தாண்டி மண் ரோட்டில் திரும்பியதும் மேளச் சத்தம் கேட்டது. யாருக்கு அடிக்கிறார்கள்? இவனுக்கா, அந்த அம்மாவுக்கா? அம்மாசி வண்டியை முறுக்கினான்.

மரவள்ளிக் கொல்லை ஓரமாக வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். மேளம் அடித்தவர்கள் அவனைப் பார்த்ததும் குச்சியை விட்டார்கள். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். பெண்கள் வீல் என்று கத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். வழி விட்ட இடத்தில், கூரை வீட்டுச் சுவரில் சாய்ந்து, தலைமயிர் விரிந்து கிடக்க அவன் அம்மா இருசம்மாள் உட்கார்ந்திருந்தார். உயிர் இருந்தது. கண் மட்டும் எங்கேயோ இருந்தது.

"ம்மா! நான்தாம்மா. ஒண்ணும் ஆவல."

அவன் அவர் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தான். அந்த அம்மா பயப்படவில்லை. மெதுவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

"கூட்டிக்கினு போவ வந்துட்டியா சாமி? போட்டோ வந்த ராத்திரி உங்க அண்ணனும் இப்படித்தான் வந்தான். கைகூட சுட்டுது. வரேன் இரு. குழி இன்னும் ஆவலியாம்."

"ஐயோ, நான் உயிரோட இருக்கம்மா!"

"அவனும் அதத்தான் சொன்னான்" என்று கையை உருவிக்கொண்டார்.

அம்மாசி கதறினான். ஊர்க்காரர்கள் தொட்டுப் பார்த்து, கிள்ளிப் பார்த்து, 'பையன் உசுரோடதான் இருக்கான்' என்று கூவினார்கள். யார் சொல்லி என்ன? அந்த அம்மாவுக்குப் போட்டோ வந்துவிட்டது. போட்டோ வந்தால் உடம்பு வரும். நடுவில் வருவதெல்லாம் கனவு. ஒரு பெண் தண்ணீர்ச் செம்பை வாயருகே கொண்டுபோனாள். தண்ணீர் கடைவாயில் வழிந்தது.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. போனை எடுத்தேன். நேற்று எடுத்த வீடியோவைப் போட்டு அந்த அம்மா முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "ஏம்மா, உனக்கு அறிவுகீதா? செத்தத மறுபடி காட்டற" என்று ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை.

வீடியோவில் பெஞ்சின்மேல் மாலையோடு அம்மாசி கிடந்தான். தாயாக நடித்த ராணியம்மாள் அக்கா அவன் நெஞ்சில் விழுந்து, "எம்புள்ளயே! நான் பெத்த தங்கமே!" என்று அழுதார். எங்கள் கோயில் பாடல் குழுவில் அவருக்குத்தான் பெரிய தொண்டை.

இருசம்மாளின் கண் அசைந்தது. திரைக்கு வந்து நின்றது.

"இவ யாரு?"

போனை இன்னும் கிட்டப் பிடித்தேன்.

"எவடி இவ? எம்புள்ள மேல வுழுந்து பெத்தேன் பெத்தேன்னு அழுவுறவ?" குரல் ஏறியது. "நான் பெத்தேன்டி! நான் குத்துக்கல்லாட்டம் இங்க இருக்கறன், இவ யாரு அழுவுறதுக்கு?"

அப்போது வீடியோவில் அம்மாசியை எறும்பு கடித்தது. பிணம் துள்ளி எழுந்து, மாலையைப் பிய்த்துக்கொண்டு பின்கழுத்தைச் சொறிந்தது. என் குரல் கேட்டது: "எருமமாடே, பொணம் எங்கடா சொறியும்! கட், கட்!" எல்லோரும் சிரித்தார்கள். ராணியம்மாள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தலையில் குட்டினார்.

"இன்னொரு வாட்டி போடு" என்றார் இருசம்மாள். போட்டேன். மூன்றாம் முறையும் போட்டேன். மூன்றாம் முறை அவன் எழுந்ததும், போனிலிருந்து கண்ணை எடுத்துப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தார். அவன் கழுத்தில் எறும்பு கடித்த தடிப்பு இன்னும் இருந்தது. விரலால் தடவினார். அப்புறம் அவன் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு போட்ட சத்தம் இருக்கிறதே, அப்படி ஒரு அழுகையை எந்தக் கேமராவாலும் எடுக்க முடியாது. நானும் அழுதேன். ஒரு செம்புத் தண்ணீரையும் அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

ஊர்ப் பெரியவர்தான் ஆரம்பித்தார். "குழி வெட்டியாச்சே. இங்க வெட்டன குழிய வெறுமனே மூடற வழக்கம் கெடையாது. அப்புறம் அது ஆள் கேக்கும். ஒரு கோழியப் போட்டு மூடிடலாம்."

"கோழி இன்னா பாவம் பண்ணுச்சி?" என்றார் இருசம்மாள். மகன் சட்டையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி என்னிடம் மறு கையை நீட்டினார். "எம்புள்ள பொணமா கெடக்கறது அந்தப் போனுக்குள்ளதானே இருக்குது? அதப் போடுங்க."

"போன் வேணாம்மா. உள்ள சின்னதா ஒரு கார்டு இருக்குது, அதுலதான் எல்லாம்."

"அதப் போடு."

அம்மாசி என்னைப் பார்த்தான். "அக்கா, அஞ்சு மாசம்க்கா. நம்ம படம்..." என்றான். அழுத முகத்தில் அந்த ஆசையையும் பார்த்தேன். திருவிழாத் திரையில் தன்னைப் பார்க்க அவன் எத்தனை பேரிடம் சொல்லிவைத்திருந்தான்! பதினோரு பேரின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் சுண்டுவிரல் நகம் அளவு கார்டில் இருந்தன. கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்கச் சோம்பல்பட்டிருந்தேன். வேறு பிரதி இல்லை.

மாதாவிடம் வழியெல்லாம் என்ன கேட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். கார்டைக் கழற்றினேன். குழி இடுப்பளவு ஆழம், சொன்னபடியே அகலம். போட்டேன். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மண் தள்ளினார்கள். இருசம்மாளும் மூன்று பிடி போட்டார்.

"இவன் செத்தது வேற எங்கனா இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

ஸ்டேட்டஸில் வைத்த போட்டோ ஞாபகம் வந்தது. "இல்லம்மா" என்றேன்.

"இனிமே இவன் கீழ எறங்கமாட்டான்" என்றார். அம்மாசியின் சட்டை நுனி அவர் கையிலேயே இருந்தது.

நான் தனியாகத்தான் இறங்கினேன். இருட்டுவதற்குள் கச்சிராயபாளையம் வந்தேன். சிக்னல் கிடைத்ததும் பை அதிர ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். சங்கராபுரம், நைனார்பாளையம், கேரளாவில் வேலை செய்யும் மலைக்காரர்கள் என்று தெரிந்த நம்பர், தெரியாத நம்பர் எல்லாவற்றிலிருந்தும் அம்மாசி மாலையோடு வந்திருந்தான். யாரோ கீழே புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'அடக்கம் மாலை நான்கு மணி.' நாங்கள் மண் தள்ளியதும் ஏறக்குறைய அந்த நேரம்தான்.

ஒவ்வொரு நம்பருக்காக எழுத ஆரம்பித்தேன். 'அம்மாசி சாகவில்லை. இது பொய். தயவுசெய்து அழித்துவிடுங்கள்.' ஒருவர் கும்பிடு அனுப்பினார். ஒருவர் 'ஆத்மா சாந்தியடையட்டும்' என்று அனுப்பினார். கேரளா நம்பரிலிருந்து ஒருவர் மட்டும் படித்துவிட்டுக் கேட்டிருந்தார்: 'அப்ப செத்தது யாரு?'

இன்னும் அறுபது நம்பருக்குமேல் இருந்தது. அடுத்ததைத் திறந்தேன்.